மக்காச்சோளத்திற்கு ஊரெல்லாம் ஒரே பட்டம்

மக்காச்சோளம் பயிரிடும் குடியானவர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு வந்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது, "குருத்தில் புழு விழுந்துவிட்டது; எந்த மருந்து அடிக்கலாம்?" என்பதாகும். இக்கேள்விக்குத் தக்க விடை உண்டு. அது பின்னர்க் கூறப்படும். ஆயினும் இக்கேள்வி எழுவதற்கு ஒரு மாத காலத்திற்கு முன்பே ஊரார் ஒன்றுகூடிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. "இவ்வூரில் மக்காச்சோளத்தை எந்த வாரத்தில் விதைப்பது?" என்பதே அது. இதனை ஒவ்வொருவரும் தத்தம் வசதிப்படி தீர்மானித்துக்கொள்ளும் வழக்கம் நீடிக்கும் வரையில், மருந்துக்கென்று ஆகும் செலவு குறைய வழியில்லை. மக்காச்சோள விதைப்பை ஊர்ப் பொதுக்காரியமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்தாகும்.

பயிரின் வரலாறு

மக்காச்சோளம் மெக்சிகோ தேசத்தில் தோன்றிய பயிர். கடல் கடந்து இந்தியாவிற்கு வந்த பின்னரும் நெடுங்காலம் வரை தென்னாட்டில் இது புழைக்கடையிலும் தோட்டத்து ஓரங்களிலும் சுட்டுத் தின்பதற்காக வளர்க்கப்பட்ட சிறு பயிராகவே இருந்துவந்தது. 1957ஆம் வருஷத்தில் அகில இந்திய மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்று, 1961ஆம் வருஷத்தில் முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. அதன்பின் நாமக்கல், பல்லடம் பகுதிகளில் கோழிப் பண்ணைகள் பெருகவே, கோழித் தீவனத்திற்கு வேண்டிய தானியம் என்ற முறையில் இப்பயிருக்கு நிலையான கிராக்கி ஏற்பட்டது. பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், சேலம் முதலிய ஜில்லாக்களில் பருத்தியும் சிறுதானியங்களும் விளைந்த கரிசற் காடுகள் பலவற்றில் இன்று மக்காச்சோளமே முதற்பயிராக நிற்கின்றது. இவற்றுள் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. புரட்டாசி மாதத்தில் மழை கண்டு விதைத்து, வடகிழக்குப் பருவ மழையிலே வளர்ந்து, தை மாதத்தில் அறுவடையாகும் இந்த ஒரு போகத்தை நம்பியே அனேகம் குடும்பங்களின் வருஷாந்தர வரவு செலவு நடைபெறுகின்றது.

இத்தகைய பயிருக்கு 2018ஆம் வருஷத்தில் ஒரு பெருந்துன்பம் வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களுக்கு உரிய படைப்புழு, 2016ஆம் வருஷத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலும், 2018ஆம் வருஷம் மே மாதத்தில் கர்நாடக ராஜ்யத்திலும் காணப்பட்டு, அவ்வருஷத்துப் புரட்டாசிப் பட்டத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளில் பரவிற்று. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் குருத்தெல்லாம் சல்லடையாகி, கதிர் பிடியாமல் நின்ற காடுகளை அவ்வருஷம் யாவரும் கண்டனர். அரசாங்கம் நிவாரணம் அளித்தது. நிவாரணம் ஒரு வருஷத்து நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். ஆனால் இப்பூச்சியோ இந்நாட்டில் நிலையாகத் தங்கிவிட்டது. ஆகவே நிலையான முறை ஒன்றைக் குடியானவர்கள் கைக்கொள்வது அவசியமாகின்றது.

பூச்சியின் கணக்கு

இதன் தாய்ப்பூச்சி சாம்பல் கலந்த பழுப்பு நிறமுள்ள அந்துப்பூச்சி. இரவிலேயே நடமாடும். காற்றின் துணையால் ஓரிரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்க வல்லது. ஒவ்வொரு பெண் பூச்சியும் தன் ஆயுளில் 1,000 முட்டைகளுக்கு மேல் இடும். முட்டைகள் 100 முதல் 200 வரை ஒரே குவியலாக இலையின்மீது இடப்பட்டு, மெல்லிய ரோமத்தால் போர்த்தப்பட்டிருக்கும். இரண்டு மூன்று நாட்களில் பொரிந்து வெளிவரும் சிறு புழுக்கள் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னுவதால் இலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள் தோன்றும். பிறகு அவை குருத்துக்குள் இறங்கிவிடும். வளர்ந்த புழுவின் தலையில் ஆங்கில எழுத்தாகிய ஒய் தலைகீழாக எழுதப்பட்டதுபோன்ற கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும். மரத்தூள் போன்ற எச்சம் குருத்தில் நிறைந்திருப்பின் உள்ளே வளர்ந்த புழு இருக்கின்றதென்று அறியலாம். இரண்டு மூன்று வாரங்கள் தின்ற பின் புழுவானது மண்ணில் இறங்கி, இரண்டு முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழத்திற்குள் கூட்டுப்புழுவாகித் தங்கும். முட்டை முதல் தாய்ப்பூச்சி வரை உஷ்ண காலத்தில் ஏறக்குறைய 30 நாட்கள் ஆகும். குளிர்நாட்டுப் பூச்சிகள் சிலவற்றைப்போல மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் இயல்பு இதற்கு இல்லை. தின்பதற்கு இளம்பயிர் உள்ளவரை தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே போகும்.

இதன் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு பெண் பூச்சி இட்ட 1,000 முட்டைகளில் நூற்றுக்கு இரண்டு மட்டுமே பிழைத்து வளர்வதாக வைத்துக்கொள்வோர், மீதி யாவும் மழையாலும் குருவிகளாலும் மற்றப் பூச்சிகளாலும் அழிந்தனவென்று தள்ளிவிடலாம். அவ்வாறு தள்ளியும் 20 பூச்சிகள் மிஞ்சும். அவற்றில் பாதி பெண்ணாயின் 10 பெண் பூச்சிகள். அடுத்த மாதம் இளம்பயிர் கிடைத்தால் அவை 200 பூச்சிகளாகும். அதற்கடுத்த மாதமும் கிடைத்தால் 2,000 ஆகும். இளம்பயிர் கிடையாத மாதத்தில் இப்பெருக்கம் தடைப்படும். ஆதலின், ஊரிலே இளம் மக்காச்சோளம் எத்தனை மாதங்கள் தொடர்ந்து கிடைக்கின்றது என்பதைப் பொறுத்தே பூச்சியின் தொகை ஏறவும் இறங்கவும் செய்யும்.

இப்போது நடைபெறும் வழக்கத்தை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கிணறுள்ள நிலக்காரர் ஆவணி முதல் வாரத்தில் விதைக்கின்றார். பத்து நாள் பயிரில் முட்டை விழுகின்றது. அந்த முட்டையிலிருந்து வளர்ந்து வெளிவரும் அந்துப்பூச்சிகள் புரட்டாசி நடுவில், அதாவது விதைத்த நாற்பது நாற்பத்தைந்து நாட்களில், பறக்கத் தொடங்குகின்றன. புரட்டாசி முதல் வாரத்து மழையில் விதைத்த மானாவாரிக்காரரின் பயிர் அந்தச் சமயத்தில் சரியாக இரண்டு இலை மூன்று இலை விட்டு நிற்கின்றது. கிணற்றுக்காரரின் தோட்டத்தில் பெருகிய பூச்சி முழுவதும் அதன்மேல் இறங்குகின்றது. ஐப்பசியில் பின்தங்கி விதைத்தவரின் காட்டுக்கு மூன்றாந் தலைமுறைப் பூச்சி வந்து சேர்கின்றது. ஒரே ஊரில், ஒரே விதையை, ஒரே உரத்தோடு விதைத்தும் கடைசியில் விதைத்தவருக்கே சேதம் அதிகமாவதன் காரணம் இதுவே. பெரும்பாலும் அவர் கிணறில்லாதவராகவும், மருந்துக்குக் கடன் வாங்குபவராகவும் இருப்பார்.

மருந்தின் வரம்பு

மருந்தினாலேயே இதனைச் சமாளிக்கலாம் என்பாரும் உளர். சிறு புழுவாக இருக்கும்போது, குருத்தில் படும்படி, தக்க மருந்தைத் தெளித்தால் அது சாகும் என்பது மெய்யே. ஆனால் வளர்ந்த புழு குருத்தின் அடியில் தன் எச்சத்தையே மூடியாகக்கொண்டு தங்குவதால் மருந்து அதன்மீது படுவது அரிது. மேலும், விதைப்பு ஒன்றரை மாத காலத்திற்குப் பரவிக்கிடக்கும் ஊரில், ஒருவர் மருந்தடித்த வாரத்தில் அடுத்தவர் வயலில் பூச்சி பறந்துகொண்டிருக்கும். பத்து நாட்களுக்குள் மீண்டும் முட்டை விழும். இவ்வாறு ஒரே போகத்தில் நான்கு முறை, ஐந்து முறை தெளிப்பவர் உண்டு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதால் புழு அதற்குப் பழகிப்போவதும், அதைத் தின்று வாழும் நன்மை செய்யும் பூச்சிகள் அழிவதும் கூடவே நேரும் கேடுகள். ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்த பயிருக்குள் புகுந்து மருந்தடிக்கும் கூலியாளின் முகத்திலும் மார்பிலும் மருந்து படுகின்றதென்பதையும் நிலக்காரர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

பழைய முன்மாதிரிகள்

பயிர்ப் பாதுகாப்பை ஊர்ப்பொதுவாகக் கருதுவது புதிய கொள்கை அன்று. சென்னை மாகாணத்தில் 1919ஆம் வருஷத்திலேயே விவசாயப் பூச்சி நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவருடைய நிலத்தில் தங்கும் பூச்சி அயலாருடைய நிலத்திற்கும் கேடு செய்யுமாதலால், குறித்த கெடுவுக்குள் குறித்த காரியத்தைச் செய்யும்படி நிலக்காரர்களைக் கேட்க அச்சட்டம் இடமளித்தது. கம்போடியாப் பருத்திச் செடிகளை அறுவடை முடிந்தபின் கெடு வைத்துப் பிடுங்கச் செய்ததும் இந்த நோக்கம் பற்றியேயாகும். செடி நின்றால் பூச்சிக்கு இடைக்கால உணவு கிடைக்கும். செடி இல்லாவிடில் பூச்சியின் தொடர் அறும் என்னும் அதே நியாயம் மக்காச்சோளத்திற்கும் பொருந்தும்.

இதைவிடப் பழமையானது குடிமராமத்து. வாய்க்கால் வெட்டுவதில் தன் பங்கைச் செய்யாதவன் கடைமடைக்காரனுக்குத் தண்ணீரைத் தடுத்தவனாவான் என்று ஊரார் கருதியதனாலேயே வீட்டுக்கோர் ஆள் மண்வெட்டியுடன் வந்தனர். பொதுத் தண்ணீருக்கு இருந்த அந்தக் கட்டுப்பாடு பொதுப் பகையாகிய பூச்சிக்கும் இருப்பது முறையே.

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

"கிணறு வெட்டிப் பணம் போட்டவன் மழைக்குக் காத்திருக்க வேண்டுமா?" என்பது முதல் ஆட்சேபம். இது நியாயமான கேள்வி. அதற்கு அவருடைய லாப நஷ்டத்தைக்கொண்டே விடை கூறலாம். ஆவணி முதலில் விதைத்த வீரிய ஒட்டு மக்காச்சோளம் 100 முதல் 110 நாட்களில், அதாவது கார்த்திகையில் முற்றும். அப்போது வடகிழக்கு மழை ஓய்ந்திராது. கதிர் மழையில் நனைந்து பூசணம் பிடிக்கும். களத்தில் காய வெயில் கிடையாது. பூசணம் பிடித்த தானியத்தில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகுமாதலால் கோழித் தீவனக்காரர் அதனை ஒதுக்குவர், அல்லது விலையைக் குறைத்துக் கேட்பர். புரட்டாசியில் விதைத்ததோ கார்த்திகை மழையில் பூத்து மணி பிடித்துத் தையில் நல்ல வெயிலில் அறுவடையாகும். பூப்பதிலிருந்து பால்பிடிக்கும் வரையில்தான் இப்பயிருக்குத் தண்ணீர் மிகவும் தேவை. அத்தேவையை மழையே தீர்த்து, மழை தவறிய வாரங்களில் மட்டும் கிணறு உதவுமாயின், கிணற்றுக்காரருக்கு மின்சாரமும் ஆட்கூலியும் மிச்சம்.

"முன்னதாக அறுத்தால் முன்விலை கிடைக்குமே" என்பது இரண்டாவது. கர்நாடக ராஜ்யத்தில் முங்காரிப் பருவத்து மக்காச்சோளம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் சந்தைக்கு வருகின்றது. தமிழ்நாட்டுத் தீவன ஆலைகள் அங்கிருந்தும் கொள்முதல் செய்கின்றன. ஆகவே கார்த்திகை, மார்கழியில் அறுத்தவருக்கு அருமை விலை கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. ஈரப்பதம் மிகுந்த தானியத்திற்கு விலை குறைவு என்பதோ நிச்சயம்.

"எல்லோரும் ஒரே சமயத்தில் அறுத்தால் விலை விழாதா?" என்பது மூன்றாவது, இதுவே யோசிக்கத்தக்கது. ஓர் ஊர் விதைப்பால் சந்தை விலை மாறுவதில்லை என்றாலும், ஒரே வாரத்தில் ஊரெல்லாம் தானியம் குவிந்தால் வாசலுக்கு வரும் வியாபாரி அதைக்கண்டு விலையைக் குறைப்பது இயல்பு. அதற்குப் பரிகாரம் தானியத்தைக் காயவைத்து இருப்பு வைத்தலே. நூற்றுக்கு 12 பங்குக்குமேல் ஈரமில்லாதபடி காய்ந்த தானியத்தைச் சில மாதங்கள் வைத்திருந்து விற்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்குகளில் இருப்பு வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியும் உண்டு. ஊரார் சேர்ந்து விதைத்தவர்களாயின், சேர்ந்து விற்பதற்கும் அதுவே தொடக்கமாகும். நூறு மூட்டைக்கு வராத ஆலைக்காரர் ஆயிரம் மூட்டை ஒரே இடத்தில் இருந்தால் நேராக வந்து எடை போடுவார்.

"மழை எல்லார் காட்டிலும் ஒரே நாளில் பெய்வதில்லையே, உழவு வண்டியும் ஆளும் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் கிடைக்குமா?" என்பது நான்காவது. ஒரே நாள் வேண்டுமென்பதில்லை. முதல் விதைப்புக்கும் கடைசி விதைப்புக்கும் இடையே 15 நாட்களுக்கு மேற்படாமல் இருந்தால் போதும். பூச்சியின் தலைமுறைக் காலம் 30 நாட்களாதலால், பதினைந்து நாட்களுக்குள் விதைத்த பயிர்களெல்லாம் அடுத்த தலைமுறை பறக்கும்போது இளம்பருவத்தைக் கடந்துகொண்டிருக்கும். உழவு வண்டிக்கும் விதைக்கும் கருவிக்கும் முறை வைத்துக்கொள்வது, நீர்ப்பாசனத்தில் முறை வைத்துக்கொள்வதினும் கடினமானதன்று.

இன்னும் ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுவது நல்லது. வெளியூரிலிருந்து பறந்துவரும் பூச்சியை ஊர்க்கட்டுப்பாடு தடுக்காது. அது தடுப்பது ஊருக்குள்ளேயே பூச்சி பெருகுவதைத்தான். ஆகவே பக்கத்து ஊர்களும், கூடுமாயின் ஒரு குறுவட்டம் முழுவதும், ஒரே கெடுவை ஏற்றுக்கொண்டால் பயன் பன்மடங்காகும்.

ஊர் ஏற்க வேண்டிய ஒழுங்கு

தைப்பட்டத்து இறவை மக்காச்சோளம் சித்திரை, வைகாசியில் அறுவடையானதும் தட்டையை அப்புறப்படுத்தி, கோடை மழை கண்டவுடன் ஆழ உழுதுவிட வேண்டும். மண்ணில் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் மாளும். உழவுக்குப் பின்னே வரும் கொக்கும் மைனாவும் மிச்சத்தைப் பொறுக்கும். ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களும் ஊரில் இளம் மக்காச்சோளம் இல்லாத மாதங்களாக இருக்கவேண்டும். தானாக முளைத்த செடிகளையும் பிடுங்கிவிட வேண்டும். மாட்டுத் தீவனத்திற்காக அம்மாதங்களில் மக்காச்சோளம் விதைப்பவர், அதற்குப் பதிலாகக் கம்பு நேப்பியர் புல்லும் வேலிமசாலும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுவது நலம். வீரிய ஒட்டு விதை ஏக்கருக்கு 8 கிலோ. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடிகள் நிற்கும். இதைவிட நெருக்கினால் கதிர் சிறுக்கும். மருந்தடிக்க ஆள் புகவும் வழியிராது. பத்து வரிசைக்கு ஒருமுறை 75 சென்டிமீட்டர் அகலத்தில் நடைபாதை விடுவது பின்னர்ப் பயிரைக் கவனிக்க உதவும். விதையை, புழுவைத் தடுக்கும் மருந்து கலந்த விதையாகவே வாங்குவதோ, கலந்து விதைப்பதோ அவசியம். வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, துவரை இவற்றுள் ஏதேனும் ஒன்றை மூன்று வரிசை விதைத்தால், பகையைத் தின்னும் பூச்சிகள் வந்து தங்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இறவை வீரிய ஒட்டுப் பயிருக்குச் சிபாரிசு செய்யும் உர அளவு ஏக்கர் கணக்கில் தழைச்சத்து 100 கிலோ, மணிச்சத்து 30 கிலோ, சாம்பல்சத்து 30 கிலோ ஆகும். தழைச்சத்தில் கால் பங்கை அடியுரமாகவும், பாதியை 25ஆம் நாளிலும், எஞ்சிய கால் பங்கை 45ஆம் நாளிலும் இடவேண்டும். மானாவாரிக்கு அளவு குறையும். மண் பரிசோதனையின்படி விரிவாக்க மையத்தில் கேட்டு இடுவதே சிக்கனம். கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கினால் இளம்பயிர் மஞ்சளித்து நின்றுவிடுமாதலால், வடிகால் வாய்க்கால்களை விதைப்புக்கு முன்பே திறந்து வைக்கவேண்டும்.

முளைத்த ஏழாம் நாள் முதல் வாரம் இருமுறை காட்டைச் சுற்றிப் பார்க்கவேண்டும். ஓர் இடத்திற்கு 20 செடிகளாக ஐந்து இடங்களில் 100 செடிகளைப் பார்த்தால் போதும். முட்டைக் குவியலைக் கண்டால் இலையோடு கசக்கிவிடலாம். நூற்றுக்குப் பத்துச் செடிகளில் புதிய சேதம் காணப்பட்டால் மருந்து தெளிக்கும் சமயம் வந்ததென்று கொள்ளலாம். முதல் தெளிப்புக்கு, 10 லிட்டர் தண்ணீருக்கு அசாடிராக்டின் ஒரு சதவீத வேப்ப மருந்து 20 மில்லி போதும். புழு மிகுந்திருப்பின் எமாமெக்டின் பென்சோயேட் ஐந்து சத மருந்தை 10 லிட்டருக்கு 4 கிராம் வீதம் தெளிக்கலாம். அடுத்த தெளிப்பு வேண்டியிருந்தால் அதே மருந்தைத் திரும்ப எடுக்காமல், ஸ்பினிடோரம் 11.7 சத மருந்தை 10 லிட்டருக்கு 5 மில்லி வீதம் தெளிக்கவேண்டும். காலையிலோ மாலையிலோ, காற்றுக்கு எதிராக நில்லாமல், முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு, குருத்துக்குள் விழும்படி தெளித்தல் வேண்டும். பூ வந்தபின் மருந்தால் பயன் குறைவு. இவற்றை ஊரார் எல்லோரும் ஒரே மூன்று நாட்களுக்குள் செய்தால், ஒரு தெளிப்பு மூன்று தெளிப்பின் வேலையைச் செய்யும்.

கிராம அதிகாரிகளின் கடமை

இவ்வொழுங்கை ஏற்படுத்தத் தண்டனை தேவையில்லை. முன்கூட்டியே கூடிப் பேசுதலும், பேசியதை எழுதி வைத்தலும் தேவை. தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாட்களில் ஆகஸ்டு 15ஆம் தேதி ஒன்று. அது ஆடி மாதக் கடைசி. ஆவணி விதைப்புக்கு முந்தியது. அன்றைய கூட்டத்தில் மக்காச்சோள விதைப்புக்கெனப் புரட்டாசியில் பதினைந்து நாள் கெடுவைத் தீர்மானமாக எழுதிவிட்டால், எவரும் அறியேன் என்று கூற இடமிராது. மழை தவறினால் கெடுவைத் தள்ளி வைக்கும் பொறுப்பைக் கிணற்றுக்காரரும் மானாவாரிக்காரரும் சமமாக உள்ள ஐவரிடம் விடலாம். அவ்வைவரில் நிலம் குறைந்தவர் ஒருவரேனும் இருப்பது முறை. ஏனெனில் தாமதத்தின் கேடு முதலில் அவருக்கே.

கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதுகின்றவராதலால், யார் எந்தச் சர்வே எண்ணில் என்ன விதைத்தார் என்பது அவருக்கே முதலில் தெரியும். விதைத்த தேதியையும் கூடவே குறித்து வைத்து, அப்பட்டியலை விரிவாக்க மையத்திற்குக் கொடுப்பாரானால், எந்தக் காட்டில் எந்த வாரம் புழு பார்க்க வேண்டுமென்று முன்னரே சொல்லிவிட முடியும். கூட்டுறவுக் கடன் சங்கங்கள் விதையையும் வேப்பம்பிண்ணாக்கையும் ஆவணி மாதத்திற்குள் இருப்பு வைக்கவேண்டும். விதை கிடைக்கத் தாமதமானால் கெடு என்பது எழுத்தளவில் நின்றுவிடும். கெடு நாள், மருந்து நாள் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் ஊரறியச் சொல்வதும் பயன் தரும்.

தவிர்க்க முடியாத காரணத்தால் முன்னதாக விதைத்தவர் எவரேனும் இருப்பின், அவரைப் பகைப்பதால் நன்மையில்லை. அவர் வயலே பூச்சியின் வரவை முதலில் காட்டும் வயலாகும். அதில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, ஊர் இளைஞர் இருவர் வாரம் இருமுறை பார்த்து வர இசைவதும், உரிய நாளில் மருந்தடிப்பதும், அறுவடை முடிந்தவுடன் தட்டையை அகற்றி உழுதுவிடுவதும் அவர் ஊருக்குச் செய்யவேண்டிய கடன் என்று எழுதிக்கொள்ளலாம்.

முதற்கடமை யாருடையது?

இக்காரியத்தில் முன்நிற்க வேண்டியவர்கள் அதிக நிலமும் கிணறும் உடைய மிராசுதார்களே. ஐந்து ஏக்கர் மானாவாரிக்காரருக்கு நாள் குறிக்கும் சக்தி இல்லை. மழை பெய்தபோது அவர் விதைத்தே தீரவேண்டும். நாளை மாற்றிக்கொள்ளும் சக்தி தண்ணீர் கையில் உள்ளவருக்கே உண்டு. அவர் பதினைந்து இருபது நாட்கள் பொறுத்தால் அவருக்கு ஏற்படும் அசௌகரியம் சொற்பம். பொறுக்காவிடில், சுற்றியுள்ள பத்துப் பேருடைய காட்டில் பெருகிய பூச்சி, அவருடைய தைப்பட்டத்துப் பயிர் முளைக்கும்போது அவரிடமே திரும்பி வரும்.

புரட்டாசியில் பெய்யும் முதல் மழைக்கு முன்னரே இப்பேச்சு முடிந்திருக்க வேண்டும். மழை பெய்த பின் எவரும் எவருக்காகவும் காத்திரார்; காத்திருக்கவும் முடியாது. ஆகவே வருகிற ஆகஸ்டு 15ஆம் தேதிக் கிராமசபைக்கு, மக்காச்சோளம் பயிரிடும் ஒவ்வோர் ஊரின் நிலக்காரர்களும் இந்த ஒரு பொருளையாவது நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்க்கச் சொல்வதும், கிராம அதிகாரிகள் அதற்கு வேண்டிய சர்வே எண் பட்டியலுடன் வருவதும், ஒரு பைசாச் செலவின்றி உடனே செய்யக்கூடிய காரியங்களாகும்.